அம்மன் எங்கே என்று உங்கள் ஆயா கேட்டதற்கு

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். தேவகோட்டைப் பக்கத்துக்காரரான நீங்கள் கல்லூரியில் கலை வரலாறு படிக்கிறீர்கள். பாடத்தில் ககனேந்திரநாத் தாகூரின் 'பிரதிமா விசர்ஜன்' (சாமி உருவத்தைக் கரைத்தல்) வந்திருக்கிறது. துர்கா பூஜையின் கடைசி நாள் ஊர்வலத்தைக் காட்டும் நீர்வண்ண ஓவியம். விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது அதைப் போனில் உங்கள் பாட்டியிடம், அதாவது ஆயாவிடம், காட்டினீர்கள். "ஒரே இருட்டா இருக்கே, அம்மன் எங்க ஆத்தா?" என்று கேட்டுவிட்டுப் பட்டாலைக் கூடத்தில் மாட்டியிருக்கும் தஞ்சாவூர்ப் படத்தைக் கைகாட்டினார்களாம். அதற்கு உங்களால் பதில் சொல்ல முடியவில்லை. அப்புறம் இங்கே வந்து, இது ஜப்பான்காரர்களைப் பார்த்து வரைந்ததுதானே, இதைக் கியூபிசம் (உருவங்களைப் பட்டை பட்டையாக உடைத்து வரையும் பாணி) என்று சொல்லலாமா, இது நவீன ஓவியம்தானா, அச்செடுத்து வீட்டில் மாட்டலாமா என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். கேள்வி நாலாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஆயா கேட்ட ஒன்றுதான். சாமி சரியாகத் தெரியாத படம் எப்படித் திருவிழாப் படம் ஆகும்?

என்னைப் பற்றி இரண்டு வரி. சென்னை ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டுக் காரைக்குடி வட்டாரத்தில் முப்பது வருடத்துக்கு மேல் டிராயிங் மாஸ்டராக இருந்தேன். இப்போது ஓய்வு. வங்க ஓவியங்களை மாணவப் பருவத்திலிருந்தே பார்த்து வருகிறேன், ஆனால் இந்த ஓவியத்தின் மூலத்தை நேரில் பார்த்ததில்லை, அச்சில்தான் பார்த்திருக்கிறேன். ஒரு புத்தகத்தில் நீலமாக இருக்கும் இரவு இன்னொன்றில் பழுப்பாக இருக்கிறது. ஆகவே நிறத்தைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொள்ளுங்கள். அமைப்பையும் வெளிச்சத்தையும் பற்றி அச்சைப் பார்த்தே பேசலாம்.

உறுதியான செய்திகளிலிருந்து தொடங்குகிறேன். ககனேந்திரநாத் 1867இல் கல்கத்தாவில் ஜோராசாங்கோ தாகூர் குடும்பத்தில் பிறந்தார், 1938இல் இறந்தார். அபனீந்திரநாத் அவருக்குத் தம்பி. ரவீந்திரநாத் சித்தப்பா முறை, வயதில் ஆறு வருடம்தான் மூத்தவர். ஓவியப் பள்ளி எதிலும் முறையாகப் படிக்காதவர். நாற்பது வயதை நெருங்கும்போதுதான் தீவிரமாக வரைய உட்கார்ந்தார். 1907இல் தம்பியோடு சேர்ந்து இந்தியக் கீழைக்கலைச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். ரவீந்திரநாத்தின் தன்வரலாற்று நூல் 1912இல் வந்தபோது அதற்குப் படங்கள் வரைந்தார். கல்கத்தாக் கனவான்களைக் கிழித்துத் தொங்கவிட்ட கேலிச்சித்திரங்களும் அவருடையவைதான். நாடகத்தில் நடித்தார், மேடை அமைத்தார். இந்த மேடை விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். நீங்கள் கேட்கும் ஓவியம் 1915 வாக்கில் வரையப்பட்டது.

அவர்கள் வீட்டு விஷயம் ஒன்று இருக்கிறது. செட்டிநாட்டுக்காரர்களுக்கு அதை விளக்கவே தேவையில்லை. ஜோராசாங்கோவில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வீடுகள், இரண்டும் பங்காளி வீடுகள். ஆறாம் எண் வீடு ரவீந்திரநாத்தின் தகப்பனார் தேவேந்திரநாத் வழி. விக்கிரக வழிபாட்டை ஏற்காத சீர்திருத்த இயக்கமான பிரம்ம சமாஜத்தில் அவர் சேர்ந்ததால் அந்த வீட்டில் விக்கிரக வழிபாடு நின்றுபோனது. ஐந்தாம் எண் வீடு தேவேந்திரநாத்தின் தம்பி கிரீந்திரநாத் வழி; அங்கே பழைய வழிபாடு தொடர்ந்தது. ககனேந்திரநாத் இந்த ஐந்தாம் எண் வீட்டுப் பிள்ளை, கிரீந்திரநாத்தின் பேரன். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் பூஜை உண்டு, அந்தப் பக்கம் இல்லை. அந்த ஐந்தாம் எண் வீட்டின் தெற்கு வராந்தாவில்தான் அண்ணன் தம்பிகள் உட்கார்ந்து வரைவார்கள். திருவிழாவை நெருக்கமாகவும் கொஞ்சம் விலகி நின்றும் பார்க்கிற கண் இவருக்கு எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், நான் அந்த வராந்தாவைக் காட்டுவேன். இது என் யூகம்தான், பரீட்சையில் எழுதிவிடாதீர்கள்.

இனி ஓவியத்துக்கு வருவோம். இரவு நேரத்துத் தெரு, இருபுறமும் கட்டடங்களின் இருட்டு. நடுவில் வெளிச்சம் பொங்குகிறது. அந்த வெளிச்சத்தில் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தலைகள். கூட்டத்துக்கு மேலே தூக்கிச் செல்லப்படும் உருவம் கண், மூக்கு, ஆயுதம் என்று பிரித்துப் பார்க்கிற அளவுக்குத் தெளிவாக இல்லை, ஒரு பொலிவாகத்தான் இருக்கிறது. உங்கள் ஆயா சொன்னது முழுக்க உண்மை. அம்மன் முகம் தெரியவில்லை. ஓவியர் வரையத் தெரியாமல் விட்டதல்ல அது. கேலிச்சித்திரத்தில் ஒரே கோட்டில் ஆளை அடையாளம் காட்டுகிற கை அவருடையது. தெரிந்தேதான் விட்டிருக்கிறார்.

ஏன் விட்டார் என்பதற்கு ஆயா கைகாட்டிய தஞ்சாவூர்ப் படத்திலேயே பாதி பதில் இருக்கிறது. அந்தப் படம் எதற்காகச் செய்யப்பட்டது? வழிபட. பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்பு மாவுக் கலவையால் மேடு எழுப்பி, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டி, நடுவில் சாமியை நேர்முகமாக உட்கார வைப்பார்கள். நீங்கள் சாமியைப் பார்க்கவேண்டும், அதைவிட முக்கியமாக, சாமி உங்களைப் பார்க்கவேண்டும். டியூப்லைட்டில் அந்தப் படத்தைப் பார்ப்பது ஒரு கொடுமை. அது குத்துவிளக்குக்காகச் செய்யப்பட்ட பொருள். விளக்கை நீங்கள் ஏற்றுகிறீர்கள், அந்த வெளிச்சத்தைத் தங்கம் உங்களிடமே திருப்பித் தருகிறது. ககனேந்திரநாத்தின் காகிதத்தில் விளக்கு உள்ளேயே எரிகிறது. நாம் இருட்டில் வெளியே நிற்கிறோம். மேடையில் விளக்கு எரிய அரங்கம் இருட்டாக இருப்பதுபோல. நாடக மேடை அமைத்தவர் என்று சொன்னேன் இல்லையா, அதை இங்கே பொருத்திப் பாருங்கள்.

மீதிப் பாதி பதில் பூஜையின் முறையில் இருக்கிறது. வங்கத்தில் துர்கை உருவத்தை மூங்கில், வைக்கோல், களிமண் கொண்டு செய்வார்கள். கல்கத்தாவில் குமார்துலி என்ற குயவர் பேட்டை இதற்குப் பேர்போனது. சில நாள் பூஜை முடிந்து, விஜயதசமியன்று அம்மனை ஆற்றுக்கு எடுத்துப்போய்க் கரைத்துவிடுவார்கள். நம் ஊரில் உற்சவர் ஐம்பொன். வீதி உலா முடிந்தால் கோயிலுக்குத் திரும்பி வந்துவிடுவார், அடுத்த வருடமும் அதே முகம். அங்கே அந்த முகம் திரும்புவதில்லை. அடுத்த வருடம் புதிதாக மண் பிசைய வேண்டும். ஓவியர் தேர்ந்துகொண்டது அந்த முகம் கரையப்போகிற இரவை. நீரில் கரையப்போகிற மண்ணை நீரில் கரைகிற வண்ணத்தால் வரைந்திருக்கிறார் என்று வகுப்பில் நான் சொல்வது வழக்கம். பையன்கள் கைதட்டுவார்கள். கொஞ்சம் மிகையான பேச்சுதான், ஆனால் பொய்யில்லை.

இதற்கு வங்கம் வரை போகவும் வேண்டாம். முளைப்பாரி எடுத்திருப்பீர்கள், அல்லது எடுத்தவர்களைப் பார்த்திருப்பீர்கள். வெயில் படாமல் பொத்திப் பொத்தி வளர்த்து, கும்மி கொட்டி, கடைசி நாள் ஊரணியில் கரைக்கிறோம். புரவி எடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பிடிமண் கொடுத்து, வேளார் மண் குதிரை செய்து, சூளை வைத்து, வண்ணம் தீட்டி, தோளில் தூக்கி அய்யனார் கோயிலுக்குக் கொண்டுபோய் விடுகிறோம். அதோடு சரி. அப்புறம் அந்தக் குதிரைகளை மழையும் வெயிலும் பார்த்துக்கொள்ளும். காதும் வாலும் உடைந்த பழைய குதிரைகளுக்குப் பக்கத்தில் இந்த வருடத்துக் குதிரை நிற்கும். சாமிக்கென்று செய்ததை விட்டுவிட்டு வரத் தெரிந்தவர்கள்தான் நாமும்.

ஒரு புரவி எடுப்பை வரைந்தே தீருவது என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஸ்கெட்ச் புத்தகத்தோடு ஒரு கண்மாய்க் கரையில் போய் நின்றேன். குதிரையின் சேணம், மணி, கண் எல்லாவற்றையும் விவரமாக வரைய எண்ணம். நடந்தது வேறு. புழுதி. முன்னால் நின்றவரின் முதுகு. அவருக்கு முன்னால் இன்னொரு முதுகு. தலைகளுக்கு மேல் குதிரைக் கழுத்துகள் மட்டும் அலைமேல் வருவதுபோல ஏறி இறங்கி வந்தன. அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, நான் பார்க்காத சேணத்தையும் மணியையும் நினைவிலிருந்து ஒழுங்காகப் போட்டு ஒரு படம் வரைந்தேன். சுத்தமான படம், திருவிழா மட்டும் அதில் இல்லை. அதற்குப் பிறகு ககனேந்திரநாத்தின் அச்சுப்படத்தை எடுத்துப் பார்த்தபோதுதான் அவர் செய்திருப்பது புரிந்தது. கூட்டத்தில் நிற்பவனுக்கு என்ன தெரியுமோ அதைத்தான் வரைந்திருக்கிறார். குருக்கள் நிற்கிற இடத்திலிருந்து அம்மன் முகம் தெரியும். தெருவில் நிற்கிறவனுக்கு வெளிச்சமும் தலைகளும்தான். "அம்மன் வந்துட்டா" என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிற பெண்களில் எத்தனை பேருக்கு அந்த நொடியில் முகம் தெரிகிறது? வெளிச்சம் நெருங்கினாலே போதும், கை தானாகக் கன்னத்துக்குப் போகும்.

காரைக்குடியில் விஜயதசமியன்று மகர்நோன்புப் பொட்டலில் போய் நின்று பாருங்கள். கல்கத்தாவில் அம்மன் ஆற்றுக்குப் போகிற அதே தசமி. இங்கே சாமி பொட்டலுக்கு வந்து அம்பு போடுகிறது. இப்போது ஃபோகஸ் லைட், ஜெனரேட்டர் எல்லாம் வந்து முகம் பளிச்சென்று தெரிகிறது. தீவட்டி வெளிச்சத்தில் பார்த்த தலைமுறைக்கு இந்த ஓவியத்தை விளக்கவேண்டியதில்லை. உங்கள் ஆயா சின்னப் பிள்ளையாக இருந்தபோது சாமி புறப்பாட்டை எந்த வெளிச்சத்தில் பார்த்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பதில் அங்கிருந்தே வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

சரி, ஜப்பான். இதில் உண்மையும் இருக்கிறது, அவசரத் தீர்ப்பும் இருக்கிறது. ஜப்பானிய அறிஞர் ஒககுரா 1902 வாக்கில் கல்கத்தாவில் தாகூர் குடும்பத்தோடு நெருங்கிப் பழகினார். அடுத்த வருடம் யோகொயாமா தைகான், ஹிஷிதா ஷுன்ஸோ என்ற இரண்டு ஓவியர்கள் வந்தார்கள். அவர்கள் கையாண்ட முறையிலிருந்துதான் வங்கத்தின் 'வாஷ்' பிறந்தது. அபனீந்திரநாத் அதைப் பிடித்த விதம் பற்றி ஒரு செய்தி சொல்வார்கள். தைகான் வரைந்த இடத்தை ஈரத் தூரிகையால் நனைத்துக்கொண்டே இருந்தாராம். அதைப் பார்த்த அபனீந்திரநாத், எதற்குத் தூரிகை என்று காகிதத்தையே தண்ணீரில் முக்கிவிட்டாராம். அதுதான் வாஷ்: வண்ணம் பூசு, காயவிடு, தண்ணீரில் முக்கு. ஒட்டாத நிறம் மிதந்து போகும், ஊறியது தங்கும். மறுபடி பூசு, மறுபடி முக்கு. விளிம்புகள் மழுங்கி எல்லாவற்றின் மேலும் ஒரு மூட்டம் படியும். நம் வீட்டுச் சுவர்களில் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் வைத்துப் பூச்சின்மேல் பூச்சாகத் தேய்ப்பார்களே, பொறுமையில் அதற்குச் சமம், பலனில் நேர் எதிர். அங்கே தேய்க்கத் தேய்க்கப் பளபளப்பு ஏறும், இங்கே முக்க முக்கப் பளபளப்பு போகும். மாணவனாக இருந்தபோது நான் முயன்ற முதல் மூன்று காகிதங்கள் கிழிந்தன. நாலாவது சேறாயிற்று.

ஆகவே கைமுறை ஜப்பானிலிருந்து வந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அதை வைத்து "காப்பி" என்பது, செட்டிநாட்டு வீட்டில் பர்மா தேக்கும் பெல்ஜியம் கண்ணாடியும் இருப்பதால் அது செட்டிநாட்டு வீடே இல்லை என்பதுபோல. தேக்கு பர்மாவுடையது, நடுவில் முற்றம் வைத்த வளவு யாருடையது? ஜப்பானிய மூட்டம் பெரும்பாலும் மலை, ஆறு, பனி என்று அமைதியான இடங்களில் படியும். இவர் அதைத் தெருக்கூட்டத்தின் மேல், பந்த வெளிச்சத்தின் மேல் கொண்டுவந்து போட்டார். அது அவருடைய சொந்தக் காரியம்.

இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி சென்னைக்கும் வந்தது. அபனீந்திரநாத்திடம் பயின்ற தேவி பிரசாத் ராய் சௌத்ரிதான் சென்னை ஓவியப் பள்ளியின் முதல் இந்தியத் தலைவர். மெரினா உழைப்பாளர் சிலை செய்தவர், 1957 வரை அந்தப் பள்ளியில் இருந்தார். நாங்கள் படிக்கும்போது வங்க பாணி பழங்கதையாகிவிட்டது. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவர் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமமும்தான் பேச்சு. ஆனாலும் வாஷ் தெரிந்த வாத்தியார் ஓரிருவர் இருந்தார்கள், அவர்கள் புண்ணியத்தில்தான் என் காகிதங்கள் கிழிந்தன.

கியூபிசம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்த ஓவியம் கியூபிசம் அல்ல. ககனேந்திரநாத்தின் கியூபிசச் சோதனைகள் 1920க்குப் பிறகு வந்தவை. 1922இல் கலை வரலாற்றாளர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் அவரை இந்தியக் கியூபிஸ்ட் என்று எழுதினார். அதே வருடம் டிசம்பரில் ஜெர்மனியின் பௌஹௌஸ் கலைப்பள்ளி ஓவியர்களுடைய படைப்புகள் கல்கத்தாவுக்கு வந்து கண்காட்சியாக வைக்கப்பட்டன. காண்டின்ஸ்கி, கிளே படங்களோடு இவருடையவையும் அங்கே இருந்தன. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதால் அவருடைய எல்லா ஓவியத்துக்கும் அதையே போட்டுவிடுகிறார்கள். 1915இல் உருவங்களைப் பட்டை பட்டையாக உடைக்கும் வேலை இல்லை. ஆனால் வெளிச்சத்தையே ஓவியத்தின் பொருளாக எடுத்துக்கொள்கிற குணம் இரண்டிலும் ஒன்றுதான். என் சொந்தக் கருத்தைக் கேட்டால், அந்தப் பட்டைக் கண்ணாடிப் படங்களைவிட இந்த இரவுத் தெருவே எனக்குப் பெரிது. இதை மறுப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தேர்வில் அவர்கள் பக்கம் எழுதினாலும் மதிப்பெண் கிடைக்கும்.

சந்தேகமான இன்னொன்றையும் தனியாக வைக்கிறேன். ககனேந்திரநாத் ஒரு மகனை இளமையிலேயே பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்தில்தான் கீர்த்தனைகள் கேட்கத் தொடங்கி, பிறகு வங்க வைணவப் பக்தரான சைதன்யர் வரலாற்றை வரிசையாக வரைந்தார் என்று எழுதுவார்கள். அது பொருத்தமாகவே படுகிறது. அதிலிருந்து ஒரு படி தாவி, விசர்ஜன ஓவியமும் மகனுக்கு விடைகொடுத்த ஓவியம்தான் என்று சொல்லிவிடலாம். சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஓவியத்துக்குள் அதற்குச் சாட்சியம் இல்லை. நானே ஒரு காலத்தில் வகுப்பில் அப்படிச் சொல்லியிருக்கிறேன், இப்போது சொல்வதில்லை. அன்றைக்குத் தெருவில் அத்தனை பேர் வழியனுப்பப் போனார்கள், ஆளுக்கு ஒன்று மனதில் இருந்திருக்கும்.

இது 'நவீன' ஓவியம்தானா என்றும் ஓர் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். நம் வீடுகளில் முகப்பிலும் பட்டாலையிலும் ரவி வர்மா அச்சுப் படங்கள் வரிசையாகத் தொங்கும். சிலவற்றில் சாமி புடவைக்குச் சரிகையும் சம்கியும் வைத்துத் தைத்திருப்பார்கள். 1894இல் அவர் அச்சகம் தொடங்கிய பிறகு சாமிக்கு ஒரு முகம் நாடெங்கும் பரவி நிலைத்துவிட்டது. இருபது வருடம் கழித்து, அந்த முகத்தையே காட்டாமல் ஒருவர் திருவிழாவை வரைகிறார். நவீனம் என்று நான் சொல்வது அதைத்தான். ரவி வர்மாவைக் குறைத்துச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் அந்தப் படங்கள் இன்று என்ன விலை போகின்றன என்று பார்த்தால், வீட்டில் இருப்பதை இறக்கவே மாட்டீர்கள்.

கடைசியாக, மாட்டலாமா? சாமி கும்பிடும் அறையில் வேண்டாம். அது வழிபடச் செய்த படம் இல்லை, ஆயாவுக்கும் மனம் ஒப்பாது. வளவில் வானவெளிக்கு நேர் எதிர்ச் சுவரும் சரிப்படாது. இருட்டுப் படத்துக்கு மேல் கண்ணாடி போட்டால் வளவின் வெளிச்சமும் உங்கள் முகமும்தான் அதில் தெரியும். வெயில் பட்டால் அச்சுமை வெளுக்கும். இரண்டாம் கட்டுக்குப் போகிற நடையில், பக்கச் சுவரில், கண்மட்டத்துக்குச் சற்று மேலே மாட்டுங்கள். பழைய படங்களை மேல்பக்கம் முன்னால் சாய்த்து மாட்டியிருப்பார்களே, அதேபோலச் சாய்த்து மாட்டினால் கண்ணாடியில் எதிரொளி குறையும். அச்செடுக்கும்போது பளபளப்பான தாள் வேண்டாம், மங்கலான தாளாகக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் "ரொம்ப டார்க்கா இருக்கு, கொஞ்சம் பிரைட் பண்ணட்டுமா" என்று நிச்சயம் கேட்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். மாட்டி முடித்ததும் பகலில் ஆயாவைக் கூப்பிடாமல், விளக்கு வைத்த பிறகு ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். கண் பழக ஐந்து நிமிடம் ஆகும்.